ஃபைபர் படகும் மின்னலும்: கரை தூரத்தைக் கணக்கில் வையுங்கள்

ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் பயமில்லை என்று சொல்பவர்கள் கரையோரத்தில் நிறைய உண்டு. உண்மையில் அதுவேதான் சிக்கல். தண்ணீருக்குள் இறங்க மின்னலுக்கு வழி வேண்டும். படகு வழி விடாவிட்டால் நிற்கும் ஆள், கொடிக்கம்பு, இன்ஜின் என்று கிடைத்ததைப் பிடித்துப் பாயும். ஃபைபரைத் துளைத்துக்கொண்டும் இறங்கும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடி என்றால் மழைமேகம் 10 கிலோமீட்டரில் நிற்கிறது. வீட்டுக்குள் ஓடிவிட அந்த அவகாசம் போதும். கடலில் போதாது. மேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 20 நிமிடத்தில் தலைக்கு மேல் இருக்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் ஓடும் படகு அதற்குள் 5 கிலோமீட்டர்தான் கடக்கும். அதனால் தொலைவில் வெளிச்சம் தெரிந்ததுமே கிளம்பிவிடுங்கள். இன்ஜின் சத்தத்தில் இடி கேட்காது. சந்தேகம் வந்தால் அணைத்துவிட்டுக் காது கொடுங்கள்.

எந்தப் பக்கம் ஓடுவது என்பதும் முக்கியம். வட தமிழகக் கரையில் ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் மேகம் பெரும்பாலும் தரையில் திரண்டு மேற்கிலிருந்து கடலுக்கு வரும். கரைக்கும் உங்களுக்கும் நடுவே அது நின்றால் அதற்குள் நுழையாதீர்கள். வடக்கோ தெற்கோ விலகி ஓடுங்கள். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி மின்னல் எச்சரிக்கை தரும், ஆனால் செல்போன் சிக்னல் இருக்கும் வரைதான்.

மாட்டிக்கொண்டால் வலை இழுப்பதை நிறுத்துங்கள். வலை போய்விடுமே என்ற தவிப்பு புரிகிறது. போயாவோடு (மிதவையோடு) விட்டு, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கொடிக்கம்பு, ஆன்டெனா, தூண்டில் கம்பு எல்லாவற்றையும் படுக்க வையுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டு, படகின் நடுவில் தாழ்வாகக் குந்துங்கள். ஒருவரையொருவர் தொடவேண்டாம். கை தண்ணீரில் படக்கூடாது. இரண்டு இரும்புப் பொருளை ஒரே நேரத்தில் பிடிக்கவும் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே எழுந்து வேலையைத் தொடருங்கள்.

இடிதாங்கி பொருத்துவது நல்லது, அரைகுறையாக வேண்டாம். நடுவில் நிற்கும் கம்பத்தின் உச்சியில் கூரான உலோகக் கம்பி, அங்கிருந்து வளைவில்லாமல் நேராக இறங்கும் குறைந்தது 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள், எப்போதும் உப்புநீரில் மூழ்கியிருக்கும் ஒரு சதுர அடி செம்புத் தகடு. தகட்டில் பெயின்ட் அடிக்கக்கூடாது. கேபிளைச் சட்டென்று மடக்கினால் மின்னல் அங்கிருந்து பக்கத்தில் இருப்பவர் மேல் தாவும். இடிதாங்கி இருந்தாலும் கம்பத்தை விட்டு எட்டியே இருங்கள்.

யாராவது தாக்கப்பட்டால் தயங்காமல் தொடுங்கள், அவர் உடலில் மின்சாரம் தங்காது. மூச்சில்லையென்றால் கெட்டியான பரப்பில் கிடத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் மார்பை 5 செ.மீ. ஆழம் அழுத்துங்கள், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு ஊதுங்கள். இதயம் மீண்டும் துடித்தாலும் மூச்சு திரும்பத் தாமதமாகலாம், ஊதுவதை விடாதீர்கள். இன்னொருவர் வி.எச்.எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் உதவி கேட்கட்டும். சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554ஐ அழைக்கலாம்.

பிறகு படகின் அடியைத் தடவிப் பாருங்கள். ஊசித்துளை அளவு ஓட்டைகளில் தண்ணீர் கசியலாம். திசைகாட்டியை மட்டும் நம்பிக் கரை பிடிக்காதீர்கள். மின்னல் பட்ட படகில் அது தப்புத் திசை காட்டக்கூடும்.