மூதாய்: டிராம்பிடியிடே குடும்பத்துக்கு உரிய தமிழ்ப்பெயர்

விலங்கியல் நூல்களில் டிராம்பிடியிடே என்று எழுதப்படுவது, மழைக்காலத்தின் முதல் ஈரத்தில் வரப்புகளிலும் செம்மண் தடங்களிலும் ஊர்ந்து திரியும் அடர்சிவப்பு உயிரிகளின் குடும்பம். நம் ஊர்களில் இவற்றைப் பட்டுப்பூச்சி, வெல்வெட் பூச்சி, தம்பலப்பூச்சி என்று பலவாறு அழைக்கிறோம். இந்தப் பெயர்கள் எல்லாவற்றிலும் 'பூச்சி' இருந்தாலும் இவை பூச்சியினம் அல்ல. வளர்ந்த உயிரிக்கு எட்டுக் கால்கள் உண்டு. உணர்கொம்பும் சிறகும் இல்லை. சிலந்தியும் தேளும் அடங்கிய வகுப்பில், அகாரி எனப்படும் சிற்றுண்ணிப் பிரிவைச் சேர்ந்தவை இவை. சிற்றுண்ணிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாதவை என்றிருக்க, நம் மழைக்காலத்து இனம் ஒரு சென்டிமீட்டர் வரை வளர்வது வியப்புக்குரியது.

டிராம்பிடியம் என்னும் பேரினப் பெயரை 1775இல் டென்மார்க் பூச்சியியலாளர் பேப்ரீசியஸ் இட்டார். குடும்பப் பெயர் 1815இல் ஆங்கிலேய விலங்கியலாளர் லீச் அமைத்தது. 'இடே' என்பது விலங்குக் குடும்பங்களைக் குறிக்கும் ஈறு. ஐரோப்பிய இனம் ஒன்றுக்கு 1758இல் லின்னேயஸ் தந்த 'ஹோலோசெரிசியஸ்' என்ற சிறப்புப் பெயருக்கு, முழுவதும் பட்டாலானது என்று பொருள். உடலை இடைவெளியின்றிப் போர்த்தியிருக்கும் நுண்மயிர்களே அவரையும், பட்டுப்பூச்சி என்று பெயரிட்ட நம் ஊராரையும் ஒரே எண்ணத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆனால் பட்டுநூல் தரும் பூச்சிக்கு அந்தப் பெயர் உறுதிப்பட்டுவிட்டதால், அறிவியல் எழுத்தில் அதை இங்கே ஆளுவது குழப்பத்தையே தரும்.

தம்பலம் என்பது வெற்றிலை பாக்கு மென்ற சாறு. தம்பலப்பூச்சி என்னும் பெயர் அந்தச் செந்நிறத்தைச் சுட்டுவது. இவ்வுயிரிக்கு வழங்கும் மற்றொரு பெயராகிய இந்திரகோபம் வடமொழி வழி வந்த சொல். அதன் குறுக்கமாகிய கோபம் திருமுருகாற்றுப்படையிலேயே 'கோபத்தன்ன தோயாப் பூந்துகில்' என்று ஆடையின் செந்நிறத்துக்கு உவமையாக வருகிறது. பழைய அகராதிகள் சில இந்திரகோபத்துக்குக் கொச்சினீல் பூச்சி என்று பொருள் எழுதியிருப்பது பிழை. கொச்சினீல் என்பது அமெரிக்கக் கள்ளிச் செடிகளில் ஒட்டி வாழும் செதில்பூச்சி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதைச் சங்கப் புலவர் கண்டிருக்க வழியில்லை.

சங்க நூல்களில் இதற்கு வழங்கும் தமிழ்ப்பெயர் மூதாய். அகநானூற்றின் 14ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தனார், அரக்குப் போன்ற செந்நிலத்துப் பெருவழியில் நீலநிறக் காயாம்பூக்கள் உதிர்ந்து பரவிக் கிடக்க, 'ஈயன் மூதாய் வரிப்பப் பவளமொடு மணிமிடைந் தன்ன' என்று பாடுகிறார். பவளம் மூதாய், நீலமணி காயாம்பூ. 74ஆம் பாட்டு 'குருதி உருவின் ஒண்செம் மூதாய்' என்கிறது. 134ஆம் பாட்டு 'செம்புற மூதாய்' என்கிறது. மூன்றுமே கார்காலத்து முல்லைப் பாட்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். நிறத்தை மட்டுமல்ல, அது வெளிப்படும் பருவத்தையும் நிலத்தையும் அவர்கள் பிழையின்றிப் பதிந்திருக்கிறார்கள்.

'ஈயன் மூதாய்' என்பதில் உள்ள ஈயல் என்பது ஈசல். ஈசல் மூதாயின் பெயரிலேயே சேர்ந்து நிற்பது மூதாயின் வாழ்வியலோடு ஒத்துப்போகிறது என்பது என் கருத்து. இந்தக் குடும்பத்தின் பெரிய இனங்கள் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே கழிப்பவை. கலிபோர்னியப் பாலையில் வாழும் டினோதிராம்பியம் பாண்டோரே என்னும் இனம் மழை பெய்த பின் வெளியே வந்து, அதே வேளையில் பறந்து தரையிறங்கும் ஈசல்களைப் பிடித்துத் தின்று, இணைசேர்ந்து, சில மணி நேரத்துக்குள் மீண்டும் மண்ணைத் தோண்டி உள்ளே போய்விடுகிறது. தெலுங்கில் இவ்வுயிரிக்கு ஆருத்ர புருகு என்று பெயர். ஆருத்ரா என்பது திருவாதிரை. ஜூன் பிற்பகுதியில் ஞாயிறு அந்த நட்சத்திரத்தில் நுழையும் காலத்தை உழவர்கள் விதைப்புக்குரிய காலமாகக் கொள்வர். வட இந்தியாவில் பீர்பகூட்டி என்ற பெயரில் இதைப் பிடித்து உலர்த்தி, எண்ணெய் இறக்கி, மருந்தென்று விற்கிறார்கள். இரைதேடவும் இணைசேரவும் வெளிவரும் அந்தச் சில நாட்களிலேயே கூட்டம் கூட்டமாக அள்ளிவிட்டால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்?

மூதாயின் லார்வாவுக்கு ஆறு கால்களே உண்டு. அது வெட்டுக்கிளி, ஈ, அசுவினி முதலிய பூச்சிகளின் உடலில் சிவப்பு மணிபோல் ஒட்டிக்கொண்டு உடல்நீரை உறிஞ்சும் ஒட்டுண்ணி. நிறைய உண்டபின் கழன்று மண்ணில் விழுந்து, அசைவற்ற ஓர் உறக்கநிலையைக் கடந்து, எட்டுக்கால் இளரியாக, அதாவது முதிர்ச்சி அடையாத இளம் உயிரியாக, எழுந்து வேட்டையாடத் தொடங்குகிறது. மறுபடியும் ஓர் உறக்கநிலைக்குப் பின்னரே முதிர்நிலையை அடைகிறது. லார்வாவுக்கும் தாய்க்கும் உருவத்தில் ஒற்றுமையே இல்லாததால், லார்வாவை மட்டும் கண்டு சில இனங்களும் முதிர்ந்ததை மட்டும் கண்டு வேறு சில இனங்களும் விவரிக்கப்பட்டுள்ளன. முட்டையிலிருந்து வளர்த்துப் பார்த்தாலன்றி எது எதற்குரியது என்று சொல்வது கடினம். இக்குடும்பத்தின் வகைப்பாடு இன்றும் சிக்கலாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மற்றொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். ஸ்கிரப் டைபஸ் எனும் உண்ணிக்காய்ச்சலைப் பரப்புவது டிராம்பிக்குலிடே என்னும் அண்டைக் குடும்பத்தின் லார்வா. பெயர்கள் ஒலியில் நெருங்கியிருந்தாலும், அதன் லார்வா எலி முதலிய முதுகெலும்பிகளை நாடுவது. மூதாயின் லார்வா பூச்சிகளையும் அவற்றின் உறவினங்களையும் நாடுவது. ஆகையால் காய்ச்சல் பற்றிய செய்திகளில் மூதாயின் படத்தை இட்டு மக்களை அஞ்சச் செய்வது தவறு.

மூதாய் என்பதற்கு மூத்த தாய் என்ற பொருளும் இருப்பதால், தனித்து நின்றால் படிப்பவர் தடுமாறக்கூடும். எனவே டிராம்பிடியிடேயை மூதாய்க் குடும்பம் என்றும், மழையோடு வெளிவரும் நம் பெரிய இனத்தை ஈயல்மூதாய் என்றும், ஈசலோடு தொடர்பில்லாத ஐரோப்பாவின் சிறிய இனங்களைச் செம்மூதாய் என்றும் எழுதலாம்.