காலிச் சட்டம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்

வாடிப்பட்டித் தென்னந்தோப்பிலோ அழகர்கோவில் மாந்தோப்பிலோ பத்துத் தேனீப் பெட்டி வைத்திருப்பவர் தேன் பிழியும் மெஷின் வாங்கப் போனால், பேச்சு முதலில் மோட்டாரில்தான் தொடங்கும். இருபது பெட்டி வரை மோட்டார் தேவையே இல்லை; கையால் சுற்றும் நான்கு சட்ட மெஷின் போதும். தேனீ அடை கட்டும் மரச்சட்டம் ஒன்றைக் காலியாகக் கொண்டுபோய், மெஷினுக்குள் சட்டங்களை வைத்துச் சுற்றும் கூடைக்குள் இறக்கிப் பாருங்கள், பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தியத் தேனீக்கான நியூட்டன் பெட்டியில் தேன் அறைச் சட்டம் உள்ளளவில் சுமார் 20 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரம்தான். இத்தாலியத் தேனீ வளர்க்கும் லாங்ஸ்ட்ராத் சட்டத்துக்கு மேல்கட்டையே 48 செ.மீ. அதற்கென்று செய்த கூடையில் நம் சட்டம் சாய்ந்துகொள்ளும், அடை கூடையின் வலையோடு ஒட்டி நிற்காது. சுற்ற ஆரம்பித்ததும் பிடிமானமில்லாத அடை பிதுங்கி உடைந்து, தேனோடு மெழுகும் கலந்து வரும். சிறிய சட்டத்தில் பெரும்பாலும் கம்பி கட்டுவதில்லை. வலை தாங்கினால்தான் உண்டு. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்த அடை சும்மாவே இளகிக் கிடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் கூடை எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். மூன்று என்றால், நிமிடத்துக்கு 40 முறை கை சுற்றும்போது கூடை 120 சுற்று ஓடும். முதல் பக்கத்தை மெதுவாகச் சுற்றிப் பாதித் தேனை மட்டும் இறக்கி, சட்டத்தைத் திருப்பி மறுபக்கத்தை முழுதாக எடுத்து, மீண்டும் முதல் பக்கத்துக்கு வர வேண்டும். ஒரே மூச்சில் வேகமாகச் சுற்றினால், உள்பக்கத் தேனின் கனம் நடுச்சுவரை அழுத்தி அடையைப் பிளந்துவிடும். எதிரெதிரே ஒத்த எடையுள்ள சட்டங்களை வையுங்கள், இல்லாவிட்டால் டிரம் குதிக்கும்.

துத்தநாகம் பூசிய தகர டிரம் மலிவுதான். ஆனால் தேன் புளிப்புத்தன்மை உள்ளது, பூச்சை அரிக்கும். 304 ரக துருப்பிடிக்காத ஸ்டீல் கேளுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள், 202 ரக ஸ்டீலிலும் ஒட்டாது. பில்லில் எழுதி வாங்குவதே நல்லது. பல்சக்கரம் டிரம்முக்கு மேலே திறந்து கிடந்தால் கிரீஸ் தேனில் சொட்டும், மூடி இருக்கிறதா என்று பாருங்கள். கூடையின் அடிக்கும் டிரம்மின் அடிக்கும் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். இல்லையென்றால் நாலு சட்டத்துக்கு ஒருமுறை குழாயைத் திறந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மெஷின் வாங்குவது லாபம். ஆனால் பிழிந்த அடையை அவரவர் பெட்டிக்கே திருப்ப வேண்டும். மாறிப்போனால் நோயும் கூடவே போகும். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் பெயர் கொண்ட, தேனீப் புழுக்களைக் கொல்லும் ‘தாய் சாக்புரூட்’ வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களை எப்படி வாரிக்கொண்டு போனது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் மெழுகு உருகி டிரம் முழுக்கப் படிந்துவிடும், பிறகு சுரண்டத்தான் வேண்டும்.