ரேலி முடிந்த வாரம் எங்கள் கடைக்கு வரும் டயர்கள்

ஃபின்லாந்தின் யுவாஸ்கிலா நகரில், காட்டுச் சாலைகளில் ஓடும் உலக ரேலி கார்ப் பந்தயம் முடிந்து போட்டிக் கார்களெல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் எங்கள் டயர் கடைக்கு வேலை சூடு பிடிக்கும். பதினோரு வருடமாக மத்திய ஃபின்லாந்தில் டயர் மாட்டுகிறேன். வருடத்தில் இரண்டு பருவம் நிற்க நேரமிருக்காது: குளிர்கால டயர் மாற்றும் இலையுதிர் காலம், கோடை டயருக்குத் திரும்பும் வசந்தம். மூன்றாவதாக ஒரு குட்டிப் பருவம் உண்டு. ஆகஸ்ட் முதல் இரண்டு வாரம். அப்போது வருகிற டயர்கள் தேய்ந்து போனவை அல்ல. நல்ல பட்டனோடு (தரையைப் பிடிக்கிற ரப்பர்க் கட்டிகள்), பக்கச் சுவரில் கோழி முட்டை அளவுக்குப் புடைத்துக்கொண்டு வரும்.

ஒரு முறை அப்படி வந்தவர் நம் ஊர்த் தம்பி. ஐடி வேலை, ஃபின்லாந்து வந்து இரண்டு வருடம். முன்பக்கம் இரண்டு டயரும் புடைத்திருந்தன, ஒரு ரிம்மின் விளிம்பு உள்வாங்கியிருந்தது.

"கல்லு கூட அடிக்கலண்ணா. ஒரு மேட்டுல சும்மா லேசா தூக்கிச்சு. அவ்ளோதான்."

"எந்த மேடு?"

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். ஒவுனின்பொஹ்யா. ரேலிக் கார்கள் மேட்டில் ஏறிப் பறக்கிற சாலை.

அப்புறம் அவரே கேட்டார்: "அவங்க அம்பது மீட்டர் பறக்குறாங்க, டயருக்கு ஒண்ணும் ஆகல. நான் அரை அடி கூட எழும்பல. எனக்கு மட்டும் ஏன்ணா?" நல்ல கேள்வி. அன்றைக்குக் கடையில் கூட்டம், பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன்.

முதலில் சாலை. ஒவுனின்பொஹ்யா யாம்சா என்ற ஊர்ப் பக்கம் இருக்கிற சாதாரண பொதுச் சாலை. ரேலி நாட்களைத் தவிர மற்ற நாட்களில் மரம் ஏற்றும் லாரியும் ஏரிக்கரை வீட்டுக்குப் போகிறவர்களும்தான் அதில் ஓடுவார்கள். பனியுகத்துப் பனிப்பாறைகள் இழுத்து வந்து போட்ட மணலும் சரளையும்தான் இந்த நாட்டுக் காட்டுச் சாலைகளுக்கு அடித்தளம். கிரேடர் ஓட்டிச் சமன் செய்து, புழுதி பறக்காமல் கால்சியம் குளோரைடு தூவி இறுக்குவார்கள். நடுவில் லேசாக மேடு, இரண்டு பக்கமும் சரிவு, தண்ணீர் நிற்காது. பார்த்தால் தார்ச் சாலை மாதிரிதான் இருக்கும். சார்டீனியாவிலும் கிரீஸிலும் ரேலிச் சாலை கல்லும் முள்ளுமாக டயரைத் தின்னும். இங்கே அப்படியில்லை, கெட்டியாக வழுவழுவென்று இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வேகம். 2016-இல் கிறிஸ் மீக் இங்கே ஜெயித்தபோது சராசரி வேகம் மணிக்கு 126.60 கி.மீ. உலக ரேலி வரலாற்றில் அதுதான் உச்சம் என்றார்கள். 2025-இல் காலே ரோவன்பேரா அதை 129.95-க்குக் கொண்டுபோய்விட்டார். வளைவு, மேடு, பிரேக் எல்லாம் சேர்த்த சராசரி இது. நேர்ப்பாதையில் 200-ஐத் தொடுவார்கள்.

அந்த வேகத்தில் டயருக்கு என்ன ஆகிறது? சரளை ரேலி டயரின் அளவு 205/65, ரிம் 15 அங்குலம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நம் ஊரில் ஓடும் ஸ்விஃப்டுக்கும் 15 அங்குல ரிம்தான். தார்ச் சாலை ரேலிக்குத்தான் 18 அங்குலம், அகலமும் அதிகம். சரளைக்கு ரிம் சின்னது, பக்கச் சுவர் உயரமானது, ஏறக்குறைய 13 செ.மீ. வேண்டுமென்றேதான் அப்படி. அந்த உயரம்தான் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கிற மெத்தை.

ஒரு சின்னக் கணக்கு. அந்த டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் கார் இரண்டு மீட்டர் நகரும். 200 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 27 சுற்று. அதாவது ஒவ்வொரு பட்டனும் விநாடிக்கு 27 தடவை தரையில் அறைகிறது. தரையில் படாத நேரத்தில் அதை வெளியே பிய்த்தெறியப் பார்க்கிற விசை, அதன் எடையைப் போல ஆயிரம் மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. பத்து கிராம் ரப்பர் துண்டு பத்து கிலோ தொங்கவிட்டது மாதிரி இழுபடும். இதோடு சூடு வேறு. அதனால்தான் ரேலி டயரின் பட்டன்கள் பெரிய கட்டிகளாக, அடி தடித்து, வேர் விட்டது போல இருக்கும். நாம் மாட்டியிருக்கிற டயரில் மழைக்காகக் கீறிய மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். இந்த வேலைக்கு அது ஆகாது.

(வேலியைத் தாண்டி வளைவின் வெளிப்பக்கம் போய் நின்று வீடியோ எடுப்பவர்களுக்கு: பட்டனில் சிக்கிய கல்லுக்கும் இதே கணக்குதான். ரேலியில் வேலை செய்கிற யாரும் அந்த இடத்தில் நிற்க மாட்டார்கள்.)

சரி, பிடிமானம். தார்ச் சாலையில் ரப்பர் தரையோடு ஒட்டிப் பிடிக்கிறது. சரளையில் ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. மேலே உருண்டை உருண்டையாகக் கல், கீழே கெட்டித் தரை. பட்டன் அந்த உதிரியை விலக்கிக்கொண்டு கீழே போய்க் கடிக்க வேண்டும். எருது மண்ணில் குளம்பு ஊன்றுவது போல. அதற்கு டயர் எப்போதும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே இருந்தாக வேண்டும். ரேலிக் கார் வளைவில் பக்கவாட்டில் போவது ஸ்டைலுக்காக என்று நினைக்கிறோம். அந்த வழுக்கலுக்குள்தான் பிடிமானமே இருக்கிறது. முதலில் போகிற கார் உதிரிக் கல்லைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போகும், பின்னால் வருபவனுக்குச் சுத்தமான தடம் கிடைக்கும். சாம்பியன்ஷிப் புள்ளியில் முன்னால் இருப்பவர்தான் போட்டியின் முதல் முழு நாளான வெள்ளிக்கிழமை முதலில் கிளம்ப வேண்டும் என்பது விதி. முன்னணியில் இருப்பதற்குக் கிடைக்கிற தண்டனை என்று ஓட்டுநர்கள் புலம்புவது இதனால்தான்.

அதே சாலையில் இரண்டாவது சுற்று வரும்போது நிலைமை வேறு. தடம் பள்ளமாக விழுந்திருக்கும், புதைந்திருந்த கல் மேலே வந்திருக்கும். வளைவின் உள்பக்கத்தை வெட்டிப் போகிறவர்கள் ஓரத்துக் கல்லைச் சாலை நடுவே இழுத்துப் போட்டிருப்பார்கள். 2024-இல் ரோவன்பேரா 44 விநாடி முன்னிலையில் இருந்தார். இரண்டே ஸ்டேஜ் (நேரம் குறித்து ஓட்டுகிற சாலைப் பகுதி) பாக்கி. தடத்தின் மேல் ஒரு கல் கிடந்தது, அதில் அடித்துக் கார் உருண்டது, கோப்பை செபாஸ்டியன் ஓஜியேவுக்குப் போனது. அன்றைக்கு ஊரே வாயடைத்துப் போயிற்று. எந்த டயர் மாட்டியிருந்தாலும் அந்தக் கல் அந்தக் கல்தான்.

டயரில் ஹார்ட், சாஃப்ட் என்று இரண்டு வகை வரும். ஈரமும் குளிரும் இருந்தால் சாஃப்ட், காய்ந்த சூட்டில் ஹார்ட். 2021 முதல் 2024 வரை உச்சப் பிரிவுக் கார்கள் எல்லாவற்றுக்கும் பிரெல்லி டயர், 2025 முதல் ஹான்குக். ஒருகாலத்தில் பஞ்சர் ஆனாலும் ஓடுவதற்காக டயருக்குள் நுரை அடைத்து ஓட்டினார்கள். 2008-இல் எல்லாருக்கும் ஒரே டயர் என்று ஆனபோது அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ரேலிக்காரனும் நம்மைப் போல வெறும் காற்றை நம்பித்தான் ஓட்டுகிறான். அதோடு ஒன்றோ இரண்டோ ஸ்டெப்னி.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். 2003-இல் மார்க்கோ மார்டின் ஒவுனின்பொஹ்யாவில் 57 மீட்டர் பறந்தார், மணிக்கு 171 கி.மீ. வேகத்தில். கணக்குப் போட்டால் 1.2 விநாடி டயருக்கும் பூமிக்கும் சம்பந்தமில்லை. டயர் உடையவில்லையே, எப்படி?

யுவாஸ்கிலாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கிய பனிச்சறுக்குத் தாண்டல் வீரர் மத்தி நிக்கானனின் ஊர் இது. லாயவுரி குன்றில் தாண்டுகிறவன் சமதரையில் இறங்க மாட்டான், சரிவில் இறங்குவான். சரிவோடு சரிவாக இறங்கினால் அடி குறைவு. ரேலி ஓட்டுநரும் அதையே பார்க்கிறார். மேட்டுக்கு அப்பால் எங்கே சரிவு, எந்த வேகத்தில் ஏறினால் அங்கே போய் விழலாம் என்பது முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து எழுதி வைத்த குறிப்பில் இருக்கும். மேட்டின் நுனியில் பிரேக்கைத் தொட்டால் மூக்கு குத்தும், அதனால் அங்கே தொடமாட்டார். நான்கு சக்கரமும் ஒன்றாக இறங்குகிற மாதிரி பார்த்துக்கொள்வார். இறங்கும்போது சஸ்பென்ஷன் 27 செ.மீ. வரை வேலை செய்கிறது. அடியில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்ளும். டயருக்கு மிச்சம்தான் வரும். அந்த மிச்சத்துக்கே பக்கச் சுவரைத் தடித்த துணியடுக்கு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

தம்பியின் காரில் இதில் எதுவுமே இல்லை. மேட்டைப் பார்த்ததும் பயந்து நுனியில் பிரேக் மிதித்திருக்கிறார். மூக்கு குத்தி, மொத்த எடையும் முன் சக்கரம் இரண்டில் விழுந்தது. சஸ்பென்ஷன் அடியோடு முட்டி நின்றுவிட்டது. மிச்ச அடியில் டயர் மடங்கி ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. உள்ளே இருக்கிற நூலிழைகள் அப்போதே அறுந்துவிடும். வெளியே ரப்பர் முழுசாக இருப்பதால் ஒன்றும் தெரியாது. அறுந்த இடத்தில் காற்று தள்ளத் தள்ள, ஒரு நாளிலோ ஒரு வாரத்திலோ புடைப்பு வரும். கல் அடிக்கவில்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை.

இன்னொன்றும் செய்திருந்தார். "சரளையில காத்து கம்மியா வச்சா கிரிப் வரும்னு வீடியோல பாத்தேன்ணா." 35 பிஎஸ்ஐ காற்று இருக்க வேண்டிய இடத்தில் 24. பாலைவன மணலில் ஊர்ந்து போகிறவர்களுக்கு அது சரி. கெட்டித் தரையில் 80-இல் போகிற காருக்கு அது விபரீதம். மெத்தையை நீங்களே எடுத்துவிட்டுக் குதிக்கிறீர்கள்.

புடைத்த டயரைப் பஞ்சர் ஒட்ட முடியுமா என்று வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். முடியாது. தரையில் படுகிற பாகத்தில் ஆணி குத்தினால் ஒட்டலாம், பக்கச் சுவரில் நூல் அறுந்தால் ஒட்ட எதுவுமில்லை. "மெதுவா ஓட்டி வீட்டுக்குப் போயிடறேன்" என்பதும் வேண்டாம். எப்போது வெடிக்கும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. புதுக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே இல்லை, பசை பாட்டில் ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள். பக்கச் சுவர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. காட்டுக்குள் ஏரி வீடு வாடகைக்கு எடுத்துப் போகிற நம் குடும்பங்கள் இதை டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

காற்றைக் கிளம்பும் முன் குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். 15 டிகிரியில் 35 வைத்த டயர் ஓடி 45 டிகிரிக்குச் சூடானால் 40 காட்டும். அதைப் பார்த்துப் பதறிப் பெட்ரோல் பங்க்கில் காற்றை இறக்கிவிட்டுப் போகிறவர்களைத்தான் மறுநாள் காலை குறைந்த காற்றோடு பார்க்கிறேன்.

டயரில் எழுதியிருக்கிற வேக எழுத்தும் அப்படித்தான். எச் என்றால் 210 கி.மீ. வரை தாங்கும். சரியான காற்று, அளவான பாரம், அடிபடாத டயர் என்றால் மட்டும்.

பிரேக்கைப் பற்றி ஒன்று. ரேலிக் காரில் ஏபிஎஸ் கிடையாது. சரளையில் சக்கரம் இறுகி நின்றால் அதன் முன்னால் கல் குவிந்து அணை மாதிரி தடுக்கும், கார் சீக்கிரம் நிற்கும். நம் காரின் ஏபிஎஸ் சக்கரத்தை இறுக விடாது. ஸ்டீயரிங் கையில் இருக்கும், ஆனால் நிற்கிற தூரம் நீளும். ஃபின்லாந்தில் ஊருக்கு வெளியே பலகை எதுவும் இல்லையென்றால் வேக வரம்பு 80, சரளைச் சாலைக்கும் சேர்த்துத்தான். சட்டப்படி போகலாம். அடுத்த மேட்டுக்குப் பின்னால் மரம் ஏற்றிய லாரி வந்தால் 80-இலிருந்து நிற்க உங்களுக்கு எவ்வளவு சாலை வேண்டும் என்பதை, காலியான நீளமான இடத்தில் 40-இல் ஒரு தடவை அழுத்தி மிதித்துப் பார்த்துவிட்டு யோசியுங்கள். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு.

தம்பி இரண்டு டயரும் ஒரு ரிம்மும் வாங்கினார். பில்லைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் டிக்கெட் எடுத்து வேலிக்கு வெளியே நின்றே பார்த்துக்கொள்கிறேன் என்றார். போகும்போது, சனிக்கிழமை மனைவியையும் அழைத்துக்கொண்டு அதே சாலை வழியாக ஏரிக்குப் போவதாகவும், இந்த முறை மெதுவாகத்தான் என்றும் சொன்னார். ஓடிப்போய் நிறுத்தினேன். ரேலி முடிந்ததும் பள்ளம் விழுந்த தடத்தையெல்லாம் கிரேடர் வந்து சுரண்டிப் பரப்பிவிட்டுப் போகும். பார்க்கப் புதுச் சாலை போல அழகாக இருக்கும். உண்மையில் மேலே இரண்டு விரல் ஆழத்துக்கு உதிரிக் கல். அதில் முதலில் போகிறவர் பெருக்குகிறவர்தான். 50-க்கு மேல் வேண்டாம், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், எதிரில் வண்டி வந்தால் ஓரத்து மென்மண்ணில் சக்கரத்தை இறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.