நூறு குரல், நான்கு மடங்கு சத்தம்

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் புனித வெள்ளியன்று, ஹேண்டல் இசையமைத்த 'மேசியா' என்ற நீண்ட கிறிஸ்தவ இசைப் படைப்பைப் பாடுவது 1876-இல் தொடங்கிய வழக்கம். பாடுகிற ராயல் கோரல் சொசைட்டி என்ற கோரஸில், அதாவது கூட்டாகப் பாடும் குழுவில், இருப்பவர்கள் இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர்; வேறு வேலை பார்த்துக்கொண்டு ஒத்திகைக்கு வருகிறவர்கள். அவர்களுக்கு முன்னால் முழு ஆர்கெஸ்ட்ரா. டிரம்பெட்டும் டிம்பனி என்ற பெருமுரசும் முழங்கும்போதும், அந்தப் படைப்பின் 'அல்லேலூயா' பாடல் துலக்கமாகக் கேட்கிறது. எப்படி?

ஆள் அதிகம், அதனால் கேட்கிறது என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒருவருக்குப் பதில் நூறு பேர் பாடினால் ஒலி ஆற்றல் நூறு மடங்காகிறது. ஒலியளவை அளக்கும் டெசிபலிலோ 20 தான் ஏறுகிறது. 10 டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகப் படும். ஆகவே நூறு பேரின் சத்தம் ஒருவருடையதைப் போல நான்கு மடங்குதான்!

தனியாகப் பாடும் ஆபரா பாடகர் வேறு வழியில் தப்பிக்கிறார். ஆர்கெஸ்ட்ராவின் ஆற்றல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை (நொடிக்கு 500 அதிர்வுகளை) ஒட்டிக் குவிந்து, மேலே போகப் போகக் குறைகிறது. அவர் தொண்டையின் அடிப்பகுதியை வடிவமைத்து 3000 ஹெர்ட்ஸ் பக்கம் குரலுக்குக் கூர்மை ஏற்றுகிறார். அங்கே வாத்தியங்களின் நெரிசல் இல்லை. கோரஸில் இந்த வித்தை ஆகாது. ஒரு குரல் கூர்மையாக நீட்டிக்கொண்டால் மற்ற குரல்கள் கலைந்துவிடும்.

கோரஸுக்குக் கைகொடுப்பது அதன் சின்னச் சின்னப் பிசகுகள். ஒருவர் 440 ஹெர்ட்ஸிலும் பக்கத்திலிருப்பவர் 442-லும் பாடினால், நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். வீணைக்குச் சுருதி சேர்ப்பவர்களுக்கு இந்த அதிர்வு நன்றாகத் தெரியும். இருவர் என்றால் உறுத்தும். அறுபது பேர் என்றால் ஆயிரக்கணக்கான ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று கலந்து, எதுவும் தனியாகத் தெரியாமல், ஒரே சுருதியின் மினுமினுப்பாக மாறிவிடுகின்றன. எந்தத் தனி மனிதரின் தொண்டையிலிருந்தும் இந்த நாதம் வராது. எனக்கு இந்த இசையில் மிகவும் பிடித்ததும் இதுதான். மூச்சும் அப்படியே. 'அல்லேலூயா'வில் சோப்ரானோ எனப்படும் உச்சப் பெண் குரல்கள் படிப்படியாக ஏறி நீண்ட ஸ்வரங்களில் நிற்கும் இடத்தில், பக்கத்திலிருப்பவர் மூச்சு வாங்காத நேரம் பார்த்து ஒவ்வொருவரும் வாங்கிக்கொள்ளலாம். வெளியே இழை அறாது.

ஹேண்டலும் உதவியிருக்கிறார். கோரஸ் பகுதிகள் பலவற்றில் வயலின்களும் ஓபோ என்ற குழல் வாத்தியங்களும் பாடகர்களின் வரியையே வாசிக்கின்றன. வாத்தியம் குரலை மறைப்பதற்குப் பதில் தாங்குகிறது. மெய்யெழுத்துகளின் 'ஸ்', 'ட்', 'க்' ஒலிகள் உயர்ந்த அதிர்வெண்ணில் ஊடுருவிச் சொல்லைக் கொண்டு சேர்க்கின்றன. கோரஸ் பயிற்சியாளர்கள் ஒரு வார்த்தையின் கடைசி எழுத்துக்காக அவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

சிரமமான நாள் கச்சேரி நாள்தான். மாதக்கணக்கில் பியானோவோடு பழகிய இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் அன்றுதான் ஆர்கெஸ்ட்ராவைச் சந்திக்கின்றன. திடீரென்று தன் குரலே தனக்குக் கேட்காது. சுற்றிலும் சத்தம் கூடினால் நாமும் அறியாமல் குரலை உயர்த்துவோம், உயர்த்தினால் சுருதி போகும். தோளோடு தோள் உரசாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்பது இதற்கு நல்ல மருந்து.

அடுத்தது தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. கடைசி வரிசைக்கு 15 மீட்டர் முன்னால் இருக்கும் வயலின், 44 மில்லிநொடி தாமதமாகவே அங்கே கேட்கும். அதைக் கேட்டுப் பாடினால், அந்தக் குரல் முன்னால் திரும்பி வர இன்னொரு 44. மொத்தம் 88 மில்லிநொடி பிந்திய கோரஸ், ஓட்டமான இடங்களில் இழுபடுவதாகத்தான் கேட்கும். ஒளிக்குத் தாமதமில்லை. எனவே காதை நம்பாமல் நடத்துநரின் கோலைப் பார்த்துப் பாட வேண்டும். அப்படிப் பாடும் கடைசி வரிசைக்காரருக்கு, வயலினை முந்திக்கொண்டு ஓடுவதுபோலவே இருக்கும். நடத்துநரோ, இன்னும் சீக்கிரம் வாருங்கள் என்று அவரிடம் கையசைத்துக்கொண்டிருப்பார்.