காட்டு முயலில் நோய் பார்ப்பது: சட்டமும் கால்நடை மருத்துவமும் சொல்வது என்ன?

காட்டு முயலை அறுத்த பிறகு எந்த உறுப்பைப் பார்த்தால் அது நோயற்றது என்று தெரியும் என்னும் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலும், பூம்பாறையின் பூண்டு வயல்களிலும் அது சற்றுத் தணிந்த குரலிலேயே கேட்கப்படும். குரல் ஏன் தணிகிறது என்பது கேட்பவருக்கே தெரியும். ஆகவே ஈரலையும் மண்ணீரலையும் பற்றிப் பேசுவதற்கு முன் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

நம் மலைகளில் பிடரியில் கருந்திட்டுடன் திரியும் காட்டு முயல், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி பாதுகாக்கப்பட்ட விலங்காகும். முன்பு அது நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளை மாற்றியமைத்த பிறகு இரண்டாம் அட்டவணையில் வருகிறது. சட்டத்தின் 9-ஆவது பிரிவு இத்தகைய விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டுமே என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணி வைப்பது, சுருக்குக் கம்பி கட்டுவது, நாயை விட்டுத் துரத்துவது, விஷம் வைப்பது, இவற்றுக்கு முயல்வது ஆகிய அனைத்தையும் சட்டம் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. கேரட் பாத்தியைக் காக்கக் கட்டிய கம்பியில் முயல் மாட்டிக்கொண்டது என்று சொல்லித் தப்பிவிட முடியாததற்கு இதுவே காரணம். தண்டனை மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ வேட்டை நடந்திருந்தால் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை என்றாகி, ஏழு ஆண்டுகள் வரை நீளக்கூடும். முதுமலை, முக்குறுத்தி, கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் ஆகியவற்றின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, செத்துக் கிடக்கும் முயலைப் பற்றிய விதியாகும். அதிகாலையில் காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டியில் அடிபட்டு, தார்ச்சாலை ஓரத்தில் உடல் சூடு ஆறாமல் ஒரு முயல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் கொல்லவில்லை, வேட்டையாடவும் இல்லை; எடுத்துச் சென்றால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 39-ஆவது பிரிவின்படி, இறந்து கிடக்கும் காட்டு விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்டதும் அரசின் சொத்தாகும். அது ஒருவர் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற வன அலுவலருக்கோ தெரிவித்து, கேட்கும்போது ஒப்படைக்க வேண்டும். அதன் இறைச்சியை வீட்டில் வைத்திருந்தது நிரூபிக்கப்பட்டால், அது சட்டவிரோதமாக வைத்திருந்தது என்றே 57-ஆவது பிரிவு அனுமானிக்கிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு வைத்திருந்தவர் மீது விழுகிறது. எனவே சாலையில் கிடப்பதைத் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, வனக்காப்பாளரிடமோ வனச்சரக அலுவலகத்திலோ சொல்லிவிட்டு நகர்வதே சரியான வழி.

பழங்குடி மக்களுக்கு விலக்கு உண்டா என்றும் கேட்கிறார்கள். வன உரிமைச் சட்டம், 2006 தேன், கிழங்கு, நெல்லி போன்ற சிறு வன மகசூலைச் சேகரிக்கும் உரிமையையும் பல மரபு உரிமைகளையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மரபு உரிமைகளைப் பட்டியலிடும் அதே இடத்தில், காட்டு விலங்கை வேட்டையாடுவதும் பொறி வைத்துப் பிடிப்பதும் அவற்றில் அடங்காது என்று வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டை உரிமையைத் தொடாமல் விட்டது நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டுமே. காட்டைத் தலைமுறைகளாகக் காத்து வந்த இருளர், குறும்பர், பளியர் வீடுகளில் இது மனக்குறையாக இருப்பதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் இன்றைய நிலை இதுதான், இதை மறைத்து வேறு சொல்பவர்கள் அவர்களைத்தான் வழக்கில் மாட்டிவிடுகிறார்கள்.

இனி நோய்க்கு வருவோம். முயலின் ஈரலில் வெண்புள்ளி இருந்தால் எறிந்துவிடு, இல்லாவிட்டால் சமைத்துச் சாப்பிடு என்னும் அறிவுரை நம்மிடையே புழங்குகிறது. இது வட அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே வழங்குவது. அங்கே காட்டு முயல்களில் காணப்படும் துலரீமியா என்னும் முயல் காய்ச்சலை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. கலிஃபோர்னியாவின் துலாரி மாவட்டத்தில் 1911-இல் அடையாளம் காணப்பட்டதால் அந்நோய்க்கு அப்பெயர் வந்தது. நோய் முற்றிய முயலின் ஈரலிலும் மண்ணீரலிலும் சிறு வெண்புள்ளிகள் தோன்றும் என்பது உண்மை. ஆனால் நோய் தொற்றிய தொடக்கத்தில் புள்ளி எதுவும் இராது. அறுப்பவரின் விரலில் உள்ள சிறு கீறல் வழியாகவே கிருமி உள்ளே போய்விடும். உறைய வைத்த இறைச்சியிலும் அது நெடுங்காலம் உயிரோடிருக்கும். அதாவது, புள்ளியைத் தேடி வயிற்றைக் கிழிக்கும் வேளையிலேயே ஆபத்தின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகிறது.

குளிர் காலத்தில் பிடித்த முயல் பாதுகாப்பானது என்னும் இன்னொரு நம்பிக்கையும் அதே நாட்டிலிருந்து வந்ததே. அங்கே கடும் பனியில் உண்ணிகள் அடங்கிவிடுகின்றன. உதகைப் பள்ளத்தாக்குகளில் புல் வெள்ளையாகும்படி உறைபனி விழுவதைக் கண்டு நாமும் அப்படியே நினைத்துவிடக் கூடாது. குரங்குக் காய்ச்சல் என்று அழைக்கப்படும், 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட நோயைப் பரப்பும் இளம் உண்ணிகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் மிகுவது, பெரும்பாலும் மழை ஓய்ந்த கார்த்திகை, மார்கழியிலிருந்து கோடை வரைதான். இறந்த விலங்கின் உடல் ஆறத் தொடங்கியதும் உண்ணிகள் அதை விட்டு இறங்கி, சூடான அடுத்த உடலைத் தேடும்; முயலைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பவரின் கழுத்தே அவற்றுக்கு அருகிலிருக்கும் சூடு. புதர்களில் பதுங்கிக் காத்திருப்பவருக்கு ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைத் தரும் நுண்ணிய பூச்சிகளும் கடிக்கலாம். காய்கறி வயல்களில் எலிக்கும் பன்றிக்கும் வைக்கப்படும் விஷத்தைத் தின்ற முயலின் உடலிலோ, கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவுமே இல்லாமல் போகலாம். காட்டு முயலைப் பார்வையால் மட்டும் நோயற்றது என்று எவராலும் சான்று சொல்ல முடியாது என்பதே என் முடிவு.

அதே பார்வைச் சோதனை பண்ணை முயலுக்கு மிகவும் பயன்படும். பண்ணை முயல் வேறு இனம். ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது. அதன் குட்டிகள் கண் திறக்காமல், மயிரின்றிப் பிறக்கும். காட்டு முயலின் குட்டி பிறக்கும்போதே மயிரும் திறந்த கண்ணும் உடையது. இறைச்சியிலும் வேறுபாடு தெரியும்: பண்ணை முயலின் தசை வெளிறிய இளஞ்சிவப்பு, காட்டு முயலினுடையது கருஞ்சிவப்பு. பண்ணை முயலை வளர்ப்பதற்கும் உண்பதற்கும் வனத்துறை அனுமதி வேண்டியதில்லை. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் போன்ற இறைச்சி இனங்கள் வளர்க்கப்பட்டு, இனவிருத்திக்காக விவசாயிகளுக்கு வழங்கப்படுகின்றன. நீலகிரியில் இருப்பவர்கள், உதகையிலிருந்து பைக்காரா செல்லும் வழியில் சாண்டிநல்லாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

முயலை வாங்கும்போது முதலில் அதன் முன்னங்கால்களின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். சளி பிடித்த முயல் பூனையைப் போலக் காலால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கும். விற்பவர் மூக்கைச் சுத்தமாகத் துடைத்துக் காட்டினாலும், அந்த உட்புற மயிர் பிசுபிசுத்துத் திரித்திரியாக ஒட்டிக் கிடப்பதை மறைக்க முடியாது. அடுத்து காதுக்குள் தவிட்டு நிறத்தில் அடுக்கடுக்காகச் செதில் இருக்கிறதா, மூக்கு நுனியிலும் நகங்களைச் சுற்றியும் சொறி இருக்கிறதா, வால் பகுதி கழிச்சலால் அழுக்கடைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். முதுகைத் தடவும்போது எலும்பு முனைகள் ரம்பப் பல் போலக் கையில் உறுத்தினால் அந்த முயலை விட்டுவிடுவது நல்லது. வட்டமாக மயிர் உதிர்ந்த திட்டு இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது தொடுபவருக்கும் ஒட்டும்.

அறுக்கும்போது கையுறை அணிவதும், கையில் புண் உள்ளவர் விலகி நிற்பதும் இங்கேயும் பொருந்தும். குடலை எடுத்தபின் ஈரலைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல ஈரல் கரும்பழுப்பாக, ஓரம் கூர்மையாக, வழவழப்பாக இருக்கும். பண்ணை முயலின் ஈரலில் காணும் வெண்மஞ்சள் முடிச்சுகள் பெரும்பாலும் காக்சிடியா என்னும் ஒட்டுண்ணியால் வருபவை. அது மனிதருக்குத் தொற்றாது என்றாலும் அந்த ஈரலை உண்ணக் கூடாது. கடைக்காரர்கள் சுவரொட்டி என்று சொல்லும் மண்ணீரல் முயலில் மெல்லிய நாக்கைப் போலச் சிறியதாகவே இருக்கும். அது வீங்கிப் பெருத்திருந்தாலோ, அதிலும் ஈரலிலும் ஒருசேர வெண்புள்ளிகள் பரவியிருந்தாலோ, தசைக்குள் சீழ்க்கட்டிகள் இருந்தாலோ, முழு உடலையும் ஒதுக்கிவிட்டுக் கால்நடை மருந்தகத்தில் காட்டுவது பாதுகாப்பானது. 1962 என்னும் எண்ணில் கால்நடை மருத்துவ உதவியைக் கேட்கலாம். குடல் சவ்வில் பட்டாணி அளவில் தெளிந்த நீர்க்கொப்புளங்கள் தொங்கினால் அவை நாய்களின் நாடாப்புழுவினுடைய இளம் பருவம். பச்சைக் குடலை வாசலில் நிற்கும் நாய்க்கு வீசும் பழக்கமே அந்தப் புழுவை மீண்டும் மீண்டும் வளர்க்கிறது. ஒதுக்கியதைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்க வேண்டும். உண்ணத் தகுந்ததை, எலும்பை ஒட்டிய தசையில் சிவப்பு மறையும்வரை வேக வைக்க வேண்டும்.

முயலைத் தொட்ட பிறகு இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ நெறிக்கட்டு, அல்லது சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு தோன்றினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் முயலைத் தொட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காட்டு முயல் என்று சொன்னால் வழக்கு வருமோ என்று பயந்து சிலர் அதை மறைக்கிறார்கள். மருத்துவர் காய்ச்சலுக்குக் காரணம் தேடுகிறவரே தவிர, குற்றம் தேடுகிறவர் அல்லர். ஸ்க்ரப் டைபஸ் போன்றவற்றுக்கு உரிய மாத்திரை எளிதில் கிடைக்கக்கூடியது, காலத்தில் கொடுத்தால் குணமாகும்.

பண்ணையில் வாங்கிய முயலையோ அதன் இறைச்சியையோ தொரப்பள்ளி, கக்கனல்லா போன்ற சோதனைச் சாவடிகள் வழியாகக் கொண்டு செல்பவர்கள், தேதியிட்ட ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். தோலும் தலையும் நீக்கித் துண்டு போட்ட இறைச்சி எந்த முயலுடையது என்பதை அந்த இடத்தில் வாய்மொழியால் விளக்குவது கடினம்.