ட்ரைக்கோமோனோசிஸ்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்லலாம்?

பிரிட்டன்ல தோட்டத்துல ஃபீடர் தொங்கவிட்டு குருவிங்களுக்கு தீனி வெக்கிறவங்க இப்ப கவலையோட சொல்ற வார்த்தை ட்ரைக்கோமோனோசிஸ், பறவைங்களுக்கு வர்ற ஒரு தொத்து நோய். வாய்ல நுழையலன்னாலும் பிரிச்சுப் பாத்தா சுலபம் தான். கிரேக்கத்துல த்ரிக்ஸ்னா முடி, மோனஸ்னா ஒத்தையா இருக்கறது. இந்த நோயைக் கொண்டு வர்ற கிருமிக்கு உடம்பே ஒரே ஒரு செல்லு, அதுல முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற இழைங்கள ஆட்டித் தான் நீந்தும், அதனால கிருமிக்கு அந்தப் பேரு, கடைசில வர்ற ஓசிஸ் நோயைக் குறிக்குது. பறவைங்களத் தாக்கறது ட்ரைக்கோமோனஸ் கல்லினே, லத்தீன்ல கல்லினானா கோழி. இது வைரஸ் இல்ல, பறவைக்காய்ச்சலோட குழப்பிக்காதீங்க, மனுஷங்களுக்கு வர்றது இதோட சொந்தக்காரக் கிருமி, அது வேற.

ஆனா பாருங்க, இந்தப் பேர்ல கிருமியோட உருவம் இருக்கே தவிர பறவை படற பாடு இல்ல. தொண்டைக்குள்ள மஞ்சளா கட்டி கட்டியா அடைச்சுக்கும், முழுங்க முடியாது. இறகெல்லாம் உப்பிக்கிட்டு தீனி பக்கத்துலயே ஒக்காந்திருக்கும், கிட்ட போனாலும் பறக்காது, நம்மகிட்ட பழகிடுச்சுன்னு நாம சந்தோஷப்படுவோம், அது பட்டினில செத்துக்கிட்டிருக்கும்.

புறா வளர்க்கறவங்களுக்கு இது பழைய நோய், கேங்கர்னு சொல்வாங்க, வல்லூறு பழக்கறவங்க ஃப்ரவுன்ஸ்னாங்க, ஏன்னா நோய்ப்புறாவத் தின்னா வல்லூறுக்கும் வரும். 2005ல தான் பிரிட்டன்ல ஃபிஞ்ச் குருவிங்கள்ல இதைப் பாத்தாங்க, அடுத்த வருஷமே கொள்ளைநோயாச்சு. அதுல கிரீன்ஃபிஞ்ச்ங்கற பச்சைக் குருவி சுமார் 43 லட்சம் இருந்தது 2009க்குள்ள 28 லட்சமாயிடுச்சு, 2021ல ரொம்ப ஆபத்துல இருக்கற பறவைங்களோட பட்டியலான அந்த நாட்டு சிவப்புப் பட்டியலுக்கே போயிடுச்சு. ஒரு காலத்துல எல்லா தோட்டத்துலயும் பாத்த குருவிங்க, நினைச்சா மனசு கேக்கல.

சரி, தமிழ்ப் பேருக்கு வருவோம். கேங்கரும் கேன்சரும் ஒரே வேர்ல இருந்து வந்ததுதான், லத்தீன்ல நண்டு, அதுக்காக புற்றுன்னு போட்டா தப்பு, இது தொத்து நோய். தொண்டை அடைப்பான்னு சொல்லலாமேன்னு தோணும், அது ஏற்கெனவே மாட்டுக்கு வர்ற வேற நோயோட பேரு. கிருமி நீந்தறதுக்கு ஆட்டற அந்த இழைக்கு இங்கிலீஷ்ல ஃபிளஜெல்லம்னு பேரு, ஸ்கூல் புத்தகத்துல அதுக்கு கசையிழைன்னு இருக்கு, அதனால கசையிழைத் தொண்டைநோய்ங்கறது என் விருப்பம், கிருமியும் தெரியுது, வலிக்கிற இடமும் தெரியுது.

இது பரவறத விளக்க நம்மகிட்ட அருமையான சொல் ஒண்ணு இருக்கு, எச்சில். வாய்ல ஊறறதும் எச்சில், வாய் பட்டு மிஞ்சினதும் எச்சில். ஒண்ணுக்கொண்ணு ஊட்டிவிடும்போது மொத எச்சில்ல பரவுது, கக்கிப்போட்ட விதையிலயும் தண்ணித் தொட்டியிலயும் ரெண்டாவது எச்சில்ல பரவுது. காஞ்சா இந்தக் கிருமி தாங்காது, அதனால ஃபீடரையும் தொட்டியையும் கழுவி நல்லா காயவெச்சுட்டுத் தான் மறுபடி தீனி போடணும், உப்பிப்போன குருவி ஒண்ணு கண்ல பட்டாலும் கொஞ்ச வாரம் தீனியையே நிறுத்திடுங்க, கூட்டம் கலைஞ்சு போகட்டும்.