பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட சாவி

2008 முடிந்து 2009 பிறந்த வாரங்களில் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஒரே மாதிரிப் புலம்பல் கிளம்பியது. நேற்றிரவு வரை ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டரைக் காலையில் போட்டால், ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது. உரசல் சத்தம் இல்லை, கருகல் வாடை இல்லை. உள்ளே தட்டு அழகாகச் சுற்றுகிறது. ஆனால் டிஸ்க் வாயே திறக்கவில்லை. சிலருக்கு மட்டும் திறந்து, 'என் கொள்ளளவு பூஜ்யம்' என்றது. சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 வரிசை டிஸ்குகள் அவை. வாங்கி அதிக நாள் ஆகாததால் வாரண்டி இருந்தது. கொடுத்தால் வேறு டிஸ்க் கிடைக்கும். உள்ளே இருந்த கல்யாணப் போட்டோக்களும் கடைக் கணக்கும்தான் கிடைக்காது.

இத்தனைக்கும் அந்த டிஸ்குகளில் பயனரின் டேட்டா அப்படியே பத்திரமாக இருந்தது. பிறகு ஏன் எடுக்க முடியவில்லை? அதற்கு, ஒரு டிஸ்க் எப்படிக் கண்விழிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கரண்ட் வந்ததும் முதலில் விழிப்பது அடிப்பக்கத்தில் திருகப்பட்டிருக்கும் சர்க்யூட் போர்டு. அதிலுள்ள குட்டி சிப்பில் ஆரம்பக் கட்டளைகள் கொஞ்சம் இருக்கும். மோட்டார் சுற்றத் தொடங்கி நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று, என்ற வேகத்தைப் பிடிக்கும். மூன்றரை அங்குல டிஸ்கில் தட்டின் வெளிவிளிம்பு அப்போது மணிக்கு 130 கிலோமீட்டர் அளவில் பறக்கிறது. அந்த ஓட்டத்தில் இழுபடும் காற்றுதான் படிக்கும் ஹெட்டைத் தூக்கி நிறுத்துகிறது. எவ்வளவு உயரத்தில்? சில நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். வெறுங்கண்ணுக்குத் தெரியாத தூசியும் அந்த ஹெட்டுக்கு மலை.

மிதக்கத் தொடங்கிய ஹெட் நேராக உங்கள் ஃபைல்களைத் தேடிப் போவதில்லை. தட்டிலேயே ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு மறைவான பகுதிக்குப் போகிறது. மீட்பு வேலை செய்பவர்கள் இதை சர்வீஸ் ஏரியா என்பார்கள். விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ இது கண்ணில் படாது. ஃபர்ம்வேர் எனப்படும் டிஸ்கின் சொந்த மென்பொருளில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. டேட்டாவைப் பதியும் சிறு கட்டங்களுக்கு செக்டர் என்று பெயர். தொழிற்சாலையிலேயே கெட்டிருந்த செக்டர்களின் பட்டியல், பிறகு கெட்டவற்றின் பட்டியல், கம்ப்யூட்டர் கேட்கும் செக்டர் எண் எந்தத் தட்டில், எந்தத் தடத்தில் உள்ளது என்று சொல்லும் வரைபடம் எல்லாம் அங்கே. இவற்றைப் படித்து முடித்த பிறகுதான் டிஸ்க் 'நான் தயார்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும்.

தட்டைப் படிப்பது எப்படி என்ற குறிப்பையும் தட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பெட்டியின் சாவி பெட்டிக்குள்.

7200.11-ல் மாட்டிக்கொண்டது இந்தச் சாவிதான். டிஸ்க் தனக்குள் நடப்பவற்றை ஒரு நாட்குறிப்பில் பதிந்துகொண்டே வரும். அந்தப் பதிவு எண்ணிக்கை சரியாக 320-ல், அல்லது 320-உடன் 256-ஐத் திரும்பத் திரும்பக் கூட்டினால் வரும் ஏதாவதொரு எண்ணில் நிற்கும்போது கரண்டை அணைத்திருக்க வேண்டும். கூடவே, தொழிற்சாலையில் ஒரு சோதனைக் கருவி விட்டுச்சென்ற குறிப்பிட்ட எச்சமும் அந்த டிஸ்கில் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால், மறுநாள் போடும்போது நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தையும் தாண்டிவிட்டதாக ஃபர்ம்வேர் குழம்பி, அப்படியே உறைந்துவிடும். உறைந்ததும் திட்டமிட்ட தற்காப்புதான். குழப்பத்தோடு எதையாவது எழுதிப் பயனரின் டேட்டாவைக் கெடுப்பதற்கு, சும்மா நிற்பது மேல் என்று அப்படி வடிவமைத்திருந்தார்கள். கள்வனுக்குப் பயந்த காவலாளி சாவியோடு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார்.

சீகேட் திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது, பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச மீட்பையும் அறிவித்தது. அவசரமாக வந்த திருத்தம் சில 500 ஜிபி டிஸ்குகளை முடக்கிவிட, அதைத் திரும்பப் பெற நேர்ந்தது தனி உபகதை.

பொறுமை இழந்தவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். டேட்டா கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் நான்கு சின்னப் பின்கள் இருக்கும். தொழிற்சாலை இன்ஜினியர்கள் டிஸ்குடன் நேரடியாகப் பேசும் வாசல் அது. பழைய நோக்கியா போனின் கேபிளை வெட்டிக்கூட அதில் இணைத்தார்கள். போர்டின் திருகைத் தளர்த்தி, போர்டும் டிஸ்கின் உட்பகுதியும் தொடும் முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு விசிட்டிங் கார்டைச் செருகிவிட்டால் டிஸ்க் தன் நாட்குறிப்பை எட்ட முடியாது. எட்டாததால் உறையவும் செய்யாது. அந்த இடைவெளியில் சில கட்டளைகளைத் தட்டி, கார்டை உருவிவிட்டு, குறிப்புகளைத் துடைத்து, மறுபடி போட்டால் ஃபைல்கள் எல்லாம் வந்து நிற்கும். ஒரு கட்டளை பிசகினால் செக்டர் வரைபடமே கலைந்துவிடும் என்பதால், வீட்டில் முயல்வதற்கான வித்தையாக இதைச் சொல்ல மாட்டேன்.

போர்டு கெட்டால் அதே மாடலின் போர்டைக் கழற்றி மாட்டினால் போதும் என்ற பழைய யோசனை இன்றைய டிஸ்குகளில் எடுபடாததற்கும் இதுபோன்ற காரணம்தான். ஒவ்வொரு டிஸ்கின் ஹெட்டும் மயிரிழை வித்தியாசத்தோடு பிறக்கிறது. அந்தந்த டிஸ்குக்கென்று அளந்த திருத்தங்கள் போர்டிலுள்ள சிப்பில் இருக்கும். புதுப் போர்டு மாட்டும்போது பழைய சிப்பைப் பெயர்த்து அதில் பற்றவைக்க வேண்டும். யுஎஸ்பி வகை டிஸ்குகள் சிலவற்றில், கேட்காமலேயே எல்லாவற்றையும் குறியாக்கம் செய்துவிடும் சிப் வேறு உட்கார்ந்திருக்கும். அது போனால் தட்டிலிருந்து கிடைப்பது வெறும் குப்பை எழுத்து.

இதுவரை சொன்னது அமைதியான சாவு. டக், டக், டக் என்று சத்தம் வந்தால் கதை வேறு. ஹெட் தன் இடத்தைக் காட்டும் குறிகளைத் தட்டில் தேடி, கிடைக்காமல் ஓரத்துக்குத் திரும்பி, மறுபடி தேடுகிற சத்தம் அது. ஹெட் உடைந்திருந்தால் ஒவ்வொரு தேடலும் காந்தப் பூச்சைச் சுரண்டலாம். சுரண்டிய பூச்சு தூளாகி மற்ற இடங்களையும் கெடுக்கும். 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே' என்ற ஆசைக்கு இங்கே விலை அதிகம். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வைத்தியமும் வேண்டாம். வெளியே எடுத்ததும் தட்டில் நீர் பூக்கும்.

ஹெட்டை மாற்ற, ஏறக்குறைய அதே காலத்தில் செய்த அதே மாடல் டிஸ்க் ஒன்றைப் பலிகொடுக்க வேண்டும். தூசி வடிகட்டிய அறையில், ஹெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி சீப்பு போன்ற கருவியால் பிரித்துப் பிடித்து இடம் மாற்றுவார்கள். ஒட்டுப்போட்ட அந்த ஹெட் எவ்வளவு நேரம் உழைக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குள் முழுத் தட்டையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்தாக வேண்டும்.

நகலெடுப்பது, வெள்ளம் ஏறும் வீட்டிலிருந்து சாமான் தூக்குவது மாதிரி. திறக்காத பீரோவோடு முதலிலேயே மல்லுக்கட்டக் கூடாது. கைக்கு வருவதை எல்லாம் முதலில் வெளியே சேர்க்க வேண்டும். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது. படிக்க முடிந்த பகுதிகளை வேகமாக அள்ளி, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துத் தாண்டிப்போய், கடைசியில் திரும்பி வந்து சுரண்டும். விண்டோஸோடு வரும் டிஸ்க் பழுதுபார்ப்பு நிரலான செக்டிஸ்க், சாகக் கிடக்கும் டிஸ்கிலேயே எழுதித் திருத்தப் பார்க்கும். அதை ஓடவிட்டு உள்ளதையும் இழந்தவர்கள் நிறையப் பேர்.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் வானிலேயே சிதறியபோது, செனான் வாயுவின் பாகுநிலை குறித்த சோதனை முடிவுகள் இருந்த டிஸ்க் ஒன்றும் விழுந்தது. உறை கருகி, தூசி உள்ளே புகுந்திருந்தது. ஆனால் தட்டு நெளியவில்லை. டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது, காயங்கள் எழுதாத பகுதியில் விழுந்திருந்தன. 99 சதவீத டேட்டா மீண்டது, ஆய்வு 2008-ல் வெளியானது. ஆகாயத்திலிருந்து விழுந்தது பேசிவிட்டது. அதே ஆண்டின் இறுதியில் மேசைமேல் சொகுசாக இருந்தவை வாயை மூடிக்கொண்டன.

இனி வாரண்டி. அது காப்பது சீரியல் நம்பர் ஒட்டிய பொருளை மட்டும். டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று எல்லாக் கம்பெனிகளும் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மாற்றாக வருவது பெரும்பாலும் புதுப்பித்த டிஸ்க். கொடுத்த டிஸ்க் அவர்கள் சொத்தாகிவிடும், பிறகு கேட்டாலும் திரும்பாது. வாரண்டிக்கு சீல் உடையக் கூடாது, மீட்புக்கோ சில சமயம் உடைத்தே ஆக வேண்டும். ஆகவே டேட்டா வேண்டுமென்றால் மீட்பு முதலில், வாரண்டி பிறகு. தாங்கள் அங்கீகரித்த மீட்புக்கூடம் திறந்தால் வாரண்டி போகாது என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. திறப்பதற்கு முன்பே அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் வகையில் மூன்றாண்டு மீட்புச் சேவையையே டிஸ்கோடு சேர்த்து விற்கிறார்கள்.

டேட்டா வேண்டாம் என்று முடிவு செய்தவருக்கும் ஒரு சிக்கல் மீதி. செத்த டிஸ்கை அழிக்க முடியாது. அழிக்கும் கட்டளையைக் கேட்கவாவது அது விழித்திருக்க வேண்டுமே! உங்களுக்குப் படிக்க முடியாதது, சரியான போர்டும் ஹெட்டும் வைத்திருப்பவருக்குப் படிக்கக் கிடைக்கும். துளை போட்டு அனுப்பினால் வாரண்டி செல்லாது. டெல் போன்ற நிறுவனங்கள், கெட்ட டிஸ்கை நீங்களே வைத்துக்கொள்ளலாம், மாற்று டிஸ்கும் தருகிறோம் என்று ஒரு சேவையைத் தனிக் கட்டணத்துக்கு விற்பது இதனால்தான். வங்கியும் ஆஸ்பத்திரியும் அதை வாங்கும். வீட்டுக்கு ஒரு டிஸ்க் வாங்கியவர், கவுண்டரில் பாரத்தை நிரப்பி, பழையதை நீட்டிவிட்டு வருவார்.